கயிறு திரித்த கைகள்

கதை எழுதுகிறவனைப் பற்றி நம் ஊரில் ஒரு வார்த்தை உண்டு. "நன்றாகக் கயிறு திரிக்கிறான்" என்பார்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லி, கேட்கிறவனை நம்பவும் வைத்துவிடுகிறவனுக்குக் கிடைக்கும் பட்டம் அது. இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால் "மணலையே கயிறாகத் திரிப்பான்" என்று பதவி உயர்வும் கிடைக்கும். பல வருஷங்களாக இதே தொழிலில் இருக்கிற எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் நிஜமாகவே கயிறு திரிப்பதற்கு எவ்வளவு நாணயம் வேண்டும் என்று பார்த்த பிறகு, இந்தச் சொல்லை உண்டாக்கிய மகானுபாவர் தம் வாழ்நாளில் ஒரு முழக் கயிறுகூடத் திரித்திருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு புரி பொய்யாக இருந்தாலும், பாரம் ஏறியதும் கயிறு காட்டிக் கொடுத்துவிடும். கதையில் அப்படி இல்லை. பொய்ப் புரிகளை வைத்தே அறுநூறு பக்கம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

சரித்திரம் என்றால் நமக்குக் கல்தான் ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகு செம்பு, பிறகு ஓலை. தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1010-ஆம் ஆண்டில் ராஜராஜன் அதைக் கட்டி முடித்தான். நெல் விளைகிற வண்டல் பூமியில் கருங்கல் கிடையாது. இருநூறு அடிக்கு மேல் நிற்கிற அந்த விமானத்தின் ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்தது. வந்ததை மேலே ஏற்றவும் வேண்டும். சாரம் கட்டினார்களா, சாய்தளம் போட்டார்களா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் சரி, கயிறு இல்லாமல் காரியம் நடந்திருக்காது. அந்தக் கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் கணக்கு இருக்கிறது. குடை பிடிக்கிறவன், தண்ணீர் தெளிக்கிறவன், குயவன், வண்ணான், நாவிதன், தையற்காரன் என்று பங்கு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. கல்லை இழுத்த கயிறு ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. எந்த நாரில் திரித்தது, யார் திரித்தது என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. மக்கிப்போகிற பொருளைச் செய்தவனுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கல்லைச் செதுக்கிக் கோயிலாக்கத் தெரிவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே மனிதனுக்குக் கயிறு திரிக்கத் தெரிந்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் அப்ரி டு மாராஸ் என்ற பாறை ஒதுங்கிடம் ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு கல் கருவியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டிக்கொண்டிருந்த கயிற்றுத் துணுக்கைப் பற்றி 2020-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நீளம் ஆறு மில்லிமீட்டர்தான். வயது நாற்பதாயிரம் வருஷத்துக்கு மேல். திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். நம்மைப் போன்றவர்கள்கூட இல்லை. மரப்பட்டை நாரை மூன்று தனிப் புரிகளாக ஒரு பக்கமாக முறுக்கி, அந்த மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் கயிற்றின் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு நாரை முறுக்கிப் பாருங்கள். கையை விட்டால் பிரிந்துவிடும். அதே முறுக்கேறிய இரண்டு நார்களைச் சேர்த்து, முதலில் முறுக்கியதற்கு மாறான திசையில் முறுக்குங்கள். இப்போது ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது. அது அவிழப் பார்க்கிற திசையும் கயிறு இறுகுகிற திசையும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே அவிழ முயற்சி செய்யச் செய்யக் கயிறு இறுகுகிறது. பசையும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவரிடம் இதை நான் கொஞ்சம் கற்றுக்கொண்டவனின் பெருமையோடு விளக்கினேன். அவர் தொடையில் நாரை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"கயித்துக்குக் கோவம் வேணும் தம்பி. ரெண்டு புரியும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நின்னுக்கிட்டே இருக்கணும். சமாதானம் ஆயிட்டா பிரிஞ்சு போயிடும்."

நான் அரைப் பக்கத்தில் சொன்னதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

அவர் கையில் இருந்தது மருள் நார். வேலியோரத்திலும் புதர் நிழலிலும் கத்தி கத்தியாக நிற்கிற செடி. இலையில் பாம்புத் தோல் மாதிரி வரி ஓடும். மடலை அறுத்துப் பலகையில் போட்டு, மழுங்கிய கத்தியால் ஒரே பக்கமாக வழிக்க வேண்டும். கூரான கத்தி உதவாது, நாரையே அறுத்துவிடும். பச்சைச் சதை கூழாக வழிந்து போக, வெள்ளை வெளேரென்று நார் மிஞ்சுகிறது. அலசி நிழலில் உலர்த்தினால் பட்டு மாதிரி இருக்கிறது. இந்தச் செடிக்குப் பழந்தமிழில் மரல் என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். குழல் ஊதி அலுத்துப்போய், உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, அதில் மரல் நாரைப் புரியாக்கிக் கட்டி, வில் மாதிரி ஒரு யாழ் செய்துகொண்டு வாசிக்கிறான். மாட்டைப் பார்த்துக்கொள்கிற பையனுக்குச் சங்கீதத்துக்கு நரம்பு வேலியோரத்தில் விளைந்திருக்கிறது! அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிப் பட்டினப்பாலையும் பாடினார். இரண்டும் சேர்ந்த பத்துப்பாட்டை 1889-இல் அச்சில் கொண்டுவந்தவர் பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்துச் சாமிநாதையர். மரல் நார் மக்கிவிட்டது. அதைப் பற்றிய வரி ஓலையில் தப்பி, ஐயர் கையில் அகப்பட்டது.

எருக்கின் கதை வேறு. பிள்ளையாருக்கு மாலை கட்டப் பூப்பறிப்பதோடு நாம் எருக்கை விட்டுவிடுகிறோம். அதன் தண்டுப் பட்டைக்குள் இருக்கிற நாரைப் போல் உறுதியான நார் இந்தச் சீமையில் இல்லை. நேரான கொம்பாகப் பார்த்து வெட்டி, ஒன்றிரண்டு நாள் காயப்போட்டு, லேசாகத் தட்டிப் பட்டையை உரித்து, உள்நாரை விரலாலும் பல்லாலும் பிரித்தெடுக்க வேண்டும். ஊறவைக்கிற வேலை இல்லை. ஆனால் ஒரு கொம்பில் கிடைப்பது சிட்டிகை நார்தான். நாளெல்லாம் உட்கார்ந்தாலும் ஒரு தூண்டில் நூலுக்குத் தேறும். உறுதிக்கும் உழைப்புக்கும் இப்படியொரு கணக்கை இயற்கை வைத்திருக்கிறது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சணப்பும் புளிச்சையும் குளத்தில் ஊறப்போட்டு உரிப்பவை. ஊறுகிற நாட்களில் குளக்கரைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். தக்கைப்பூண்டிலும் நார் உண்டு. வாழைச் சருகு நார் பூக்கட்ட. பனை மட்டை நார் வேலிக்கும் கூரைக்கும். தாழை விழுதை நசுக்கினால் வெள்ளையடிக்கும் மட்டை. ஆனைக்கற்றாழை மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்து ரெயில் வேலியோரம் குடியேறிய விருந்தாளி. ஆகையால் சங்க நூல்களில் அதைத் தேட வேண்டாம்.

இந்த நார்களையெல்லாம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தான். தரங்கம்பாடியிலிருந்து இந்தக் கதை ஆரம்பமாகிறது என்று சொல்லலாம். லின்னேயஸின் மாணவரான கோனிக் என்ற வைத்தியர் 1768-இல் டேனிஷ்காரர்களின் அந்தத் துறைமுகத்துக்கு வந்து இறங்கிச் செடி கொடிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அவரோடு பழகிய ராக்ஸ்பர்க் பின்னால் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரியாகி, நார்ச் செடிகளைப் பற்றிப் பல பரிசோதனைகள் செய்தார். நம் மருள் செடிக்குத் தாவர நூலில் இன்றும் அவர் பெயர்தான். பிரிட்டிஷ் கப்பற்படையின் பாயும் கயிறும் ருஷ்யச் சணலை நம்பியிருந்தன. 1853-இல் கிரிமியாச் சண்டை வந்தது. எதிரியிடமே கயிறு வாங்கிக்கொண்டு எதிரியோடு எப்படிச் சண்டை போடுவது? 1855-இல் ராயில் என்பவர் இந்தியாவின் நார்ச் செடிகளைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகம் போட்டார். அதில் சென்னை ராஜதானியில் இருந்த ராபர்ட் வைட் என்ற வைத்தியரின் பரிசோதனைக் கணக்கு வருகிறது. ஒரே மாதிரி கயிறுகளில் பாரம் ஏற்றி, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று பார்த்தார். தென்னை நார் 224 ராத்தல் தாங்கியது. மருள் 316. பருத்தி 346. கற்றாழை 362. சணப்பு 407. எருக்கு 552!

அந்தப் பட்டியலில் செடிகளின் பெயரைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கிலீஷ் நாக்கில் புரண்டு மருள் "மரூல்" ஆகவும், எருக்கு "எர்க்கம்" ஆகவும் வேஷம் மாறியிருக்கின்றன. யாரோ ஒரு குடியானவன் பெயரைச் சொல்லியிருக்கிறான். துரை காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். எண் மிஞ்சியிருக்கிறது, துரையின் பெயர் மிஞ்சியிருக்கிறது. நாரை உரித்து, அந்தக் கயிறுகளைத் திரித்துக் கொடுத்தவன் பெயர் இல்லை. கடைசியில் எருக்குக்கும் யோகம் அடிக்கவில்லை. அதே 1855-இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. ஆலைக்கு வேண்டியது உறுதி மட்டும் அல்ல. மூட்டை மூட்டையாக வேண்டும், மலிவாக வேண்டும். சிட்டிகை சிட்டிகையாக நார் கொடுக்கிற எருக்கு பழையபடி பிள்ளையாரிடமே போய்ச் சேர்ந்தது.

நம் பெரியவர்கள் தத்துவம் பேச வேண்டி வந்தபோதும் கயிற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அத்வைதிக்கு, இருட்டில் பாம்பாகத் தெரிகிற கயிறு. வைஷ்ணவனுக்கு, யசோதை கட்டிய சின்னத் தாம்பு. மதுரகவியாழ்வாரின் பாசுரம் தன் பெயரையே அதிலிருந்துதான் பெற்றது. அந்தப் பாசுரத்தைப் பன்னீராயிரம் முறை ஜபித்துத்தான் நாதமுனிகள் நாலாயிரத்தையும் மீட்டார் என்பது வைஷ்ணவ மரபு. அவரைத் தேட வைத்தது குடந்தை ஆராவமுதன்மேல் யாரோ பாடக் கேட்ட பத்துப் பாட்டு. சைவனுக்கோ மாடு, மாட்டுக்காரன், கயிறு என்ற மூன்றுமே தத்துவம்: பசு, பதி, பாசம். காவிரிக்கரைச் சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் உடம்பில் புகுந்த திருமூலர் இந்த மூன்றையும் பாடினார் என்றால், அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் மாடு கட்டுகிற கையிலிருந்து வந்த சாஸ்திரம் அது.

மனுவும் கயிற்றை விடவில்லை. பூணூல் போடுகிற சமயத்தில் இடுப்பில் கட்டுகிற கயிறு பிராமணனுக்கு முஞ்சிப் புல்லில், க்ஷத்திரியனுக்கு வில் நாணாகிற மூர்வை நாரில், வைசியனுக்குச் சணலில் என்று விதித்திருக்கிறார். மூன்று ஜாதிக்கு மூன்று செடி. நான்காவது வர்ணத்துக்கும், அதற்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இடுப்புக் கயிறு கிடையாது. வயலில் கிடந்து நாரை உரித்து முறுக்கியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

இதைச் சொல்லும்போது தேர் வடம் ஞாபகத்துக்கு வருகிறது. கயிறுகளில் ராஜா வடம்தான். அலங்காரத்தோடு திருவாரூர் ஆழித்தேர் 96 அடி என்பார்கள். பழைய தேர் 1926-இல் எரிந்து போயிற்று. பிறகு செய்த தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வைத்துக் கொடுத்தார்கள். முன்னால் இழுக்க இன்றும் வடம்தான். இப்படிப்பட்ட வடங்களைத் தென்னை நாரில் திரித்துக் கொடுக்கிறவர்கள் சிங்கம்புணரியில் இருக்கிறார்கள். நம் கடற்கரையில் கட்டைகளைக் கயிற்றால் கட்டி மிதக்கவிட்ட கட்டுமரமும், கயிறு என்ற சொல்லும் சேர்ந்தே இங்கிலீஷில் குடியேறின. அவ்வளவு பெருமை! ஆனால் சிவகங்கைச் சீமைக் கண்டதேவியில், அந்த வடத்தை யார் தொட்டு இழுக்கலாம் என்ற தகராறு நீதிமன்றம் வரை போய், தேர் பல வருஷம் நிலையிலேயே நின்றது. 2024-இல்தான் போலீஸ் பந்தோபஸ்தோடு ஓடியது. வடத்தைத் திரிக்கிறபோது எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை.

தஞ்சை ஜில்லாவில் கயிறு என்றால், எல்லாவற்றையும்விட, வைக்கோல் பிரிதான். நெற்கட்டைக் கட்ட, போரைக் கட்ட, கூரையைக் கட்ட, கரை உடைந்தால் மூங்கிலோடு மூங்கிலைப் பிணைக்க, சேர் கட்டி நெல்லைக் கொட்டிவைக்க, எல்லாவற்றுக்கும் பிரி. ஒருவர் குந்தி உட்கார்ந்து வைக்கோலை நீவி நீவிக் கொடுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் குச்சியில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே பின்னுக்கு நடப்பார். பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். நம்மைப் போன்ற எழுத்தாளர்கள் இதைக் கிராமிய அழகு என்று வர்ணித்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நான் பெரியவரிடமும் அந்தத் தோரணையிலேதான் கேட்டேன். அவர் அப்பா பண்ணையாளாக இருந்தவர்.

"விடியறத்துக்கு முந்தி போரடிக்கு வந்துடணும். பத்துப் பாகம், இருவது பாகம் பிரி திரிச்சுப் போட்டுட்டுத்தான் ஏரு பூட்டப் போவணும். அது கூலியிலே சேராது."

"எதிலே சேரும்?"

"எதுலயும் சேராது தம்பி. அது சும்மா."

சும்மா! கல்வெட்டிலும் இல்லை, ராயில் துரையின் அட்டவணையிலும் இல்லை, பண்ணைக் கணக்கிலும் இல்லை. மூன்று இடத்தில் தேடி நான் காணாமல் தவித்த கயிற்றுக்காரனுக்கு விலாசம் அந்தச் சொல்லில் இருந்தது. விடியலுக்கு முன் வராதவனுக்கு என்ன கிடைத்தது என்பதும் ஜில்லாவுக்குத் தெரிந்த சங்கதிதான். சாணிப்பாலும் சவுக்கடியும். சவுக்கும் முறுக்கிய கயிறுதானே? விவசாயச் சங்கத்தார் போராடி, 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் அந்த இரண்டும் கூடாது என்று காகிதத்தில் எழுத முடிந்தது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரியவர் அப்போது மாடு மேய்க்கிற பையன். சட்டம் வந்த வருஷத்தை அவர் இலக்கத்தில் சொல்லவில்லை; "அப்பா போரடிக்குப் போகாம வூட்ல தூங்கின வருஷம்" என்றார்.

ஆகையால், நைலான் வந்து நார்க் கயிற்றைத் தின்றுவிட்டது என்று ஒப்பாரி வைக்க எனக்கு நாக்கு எழவில்லை. வருத்தம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த முறுக்கின் கணக்கு நாற்பதாயிரம் வருஷமாகக் கைமாறிக் கைமாறி வந்தது. என் கண் முன்னால் நிற்கிறது. ஆனால் போனது எது, போகவேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வித்தை போனது நஷ்டம். "சும்மா" போனது நஷ்டம் இல்லை.

போன விதமும் வேடிக்கையானது. முதல் அடி நைலான் கொடுத்ததல்ல, நெல்லே கொடுத்தது. பழைய சம்பா ரகங்கள் ஆள் மார்பளவு உயரும். வைக்கோல் நீளம், பிரி ஓடும். 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 என்ற குள்ள நெல் வந்தது. அதன் பின்னே அதன் வம்சம் வந்தது. மகசூல் உயர்ந்தது, வைக்கோல் குட்டையாயிற்று. பிறகு அறுவடை இயந்திரம். அது கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு வைக்கோலை மென்று துப்புகிறது. இன்னொரு இயந்திரம் பின்னாலேயே வந்து அதை உருளை உருளையாகச் சுருட்டிக் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. கட்டுகிற கயிறு கடையில் வாங்கியது. அந்த உருளையிலிருந்து ஒரு பிடி உருவிக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்து, பிரி திரித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். தூள் தூளாக உதிர்ந்தது.

"இது மாடு திங்கும். திரிபடாது" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலில் கன்றுக்குட்டி ஒன்று கட்டியிருந்தது. முளையிலிருந்து வந்த கயிறு கும்பகோணம் கடைத்தெருவில் கிடைக்கிற நீல நைலான். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, விலையும் மலிவு. கழுத்தைச் சுற்றி மட்டும் ஒன்றரை முழம் சணப்பு நார்த் தும்பு, அவரே திரித்தது. நைலான் கழுத்தை அறுத்துவிடுமாம்.